குடத்துக்குள் ஒரு பேஸ் கிட்டார்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கல்லூரி விழாவுக்கு நையாண்டிப் பாட்டு பாடும் பையன்கள் குழு ஒன்று வந்தது. பேஸ் கிட்டாருக்குக் காசில்லை என்று வில்லுப்பாட்டுக் குடத்தை வைத்து அடித்தார்கள். ஒரு முழம்கூட இல்லாத குடத்திலிருந்து அவ்வளவு கனத்த சத்தம் எப்படி வருகிறது?"

பையன்களுக்கு முன்னோடிகள் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் லூயிவில் நகரில் கறுப்பினக் கலைஞர்கள் ஜாடிக்குள் உதட்டை அதிரவைத்து ஊதியும், துணி துவைக்கும் பலகையை உரசியும் 'ஜக் பேண்ட்' நடத்தினார்கள். அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ஜெர்ரி கார்சியா 1964இல் அப்படியொரு குழுவில் இருந்தவர்தான். இங்கே நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த நம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் வில்லுப்பாட்டிலிருந்து கிளம்பி வந்தவரே.

சரி, குடத்துக்கு வருவோம். பலரும் மண் அதிர்வதால்தான் சத்தம் என்று நினைக்கிறார்கள். குடத்தின் பக்கத்தில் விரலால் சுண்டினால் வரும் 'டிங்' மட்டும்தான் மண்ணுடையது. அந்தத் 'தும்' காற்றுடையது. கழுத்தில் நிற்கும் காற்றை ஒரு சின்ன எடைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் காற்று அதைத் தாங்கும் ஸ்பிரிங். குடம் அடிக்கும் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடித்தால் கழுத்துக் காற்று உள்ளே இறங்குகிறது. உள்ளிருக்கும் காற்று நெருங்கி, எதிர்த்து வெளியே தள்ளுகிறது. வெளியே வந்தது கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிடுவதால் மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது. இதை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரையே காற்றின் இந்த உள்ளே-வெளியே ஆட்டத்துக்கு (ஒத்ததிர்வு) வைத்திருக்கிறார்கள்.

15 லிட்டர் குடம், 10 சென்டிமீட்டர் அகல வாய், 5 சென்டிமீட்டர் கழுத்து என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டில் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 114 அதிர்வுகள் வருகின்றன. அந்த ஒலியின் அலைநீளம் 3 மீட்டர். குடத்தின் அகலமோ 30 சென்டிமீட்டர்! புல்லாங்குழலில் இது நடக்காது. அங்கே சுருதி இறங்க வேண்டுமென்றால் குழாய் நீண்டே ஆக வேண்டும். குடத்துக்கு நீளம் ஒரு பொருட்டல்ல, வயிறும் வாயும் கழுத்தும்தான் கணக்கு. மட்டையை முழுதாக எடுக்காமல் வாயைப் பாதி மூடினால் சுருதி இறங்கும், திறக்கத் திறக்க ஏறும். கோயில் கொடை விழாவில் குடம் 'பேசுவது' இப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து மட்டை பிடித்த கையைக் கவனித்துப் பாருங்கள்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள். தெரியாது. குயவருக்கும் குடம் அடிப்பவருக்கும் நல்ல காது இருந்தது, அது என்ன குறைச்சலா? லட்சக்கணக்கில் கருவி வாங்கிப் பூட்டிவைக்கும் கல்லூரிகள், ஒரு மைக்கும் நாலு குடமும் கொடுத்து மாணவர்களை அளக்கச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பையன்களுக்கு ஒரு யோசனை: பாட்டின் சுருதி ஏறினால் குடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைவதால் சுருதி ஏறும். கால்வாசி ஊற்றினால் 114 ஏறக்குறைய 132 ஆகும். ஒரு ஸ்தாயி இறங்க, அதாவது அதிர்வு பாதியாக, வேண்டுமென்றால்தான் சிக்கல். அதே வாயும் கழுத்தும் உள்ள 60 லிட்டர் குடம் வேண்டும், அதைத் தூக்க ஆளும் வேண்டும்.