கிளினிக் துண்டும் யுத்த தாங்கியும்

களுவாஞ்சிக்குடியில் ஏ.எல். கணிதம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "போர் நடக்கும்போது அரசாங்கங்கள் சொல்லும் எண்ணிக்கையை வெளியில் இருப்பவர்கள் சரிபார்க்க முடியுமா?"

2007இல் மட்டக்களப்பின் குடும்பிமலையில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை நடந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். இரு தரப்பும் ரேடியோவில் சொன்ன இழப்புக் கணக்கை அப்பா கொப்பியில் எதிரெதிரே எழுதிவைப்பார். ஒருநாளும் பொருந்தியதில்லை.

கணக்கு ஊதிப்போவதற்குப் பொய்கூடத் தேவையில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. விழுந்தவை ஏறத்தாழ 60. ஒரே விமானத்தைச் சுட்ட பல விமானிகளும் அதைத் தங்கள் கணக்கில் சேர்த்ததே முக்கிய காரணம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில், நம்பர் துண்டோடு ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் கையில் 12, 31, 38, 47, 60. மொத்தம் எத்தனை துண்டு கொடுத்திருப்பார்கள்? 60க்குக் குறையாது. 60தான் கடைசி என்றும் சொல்ல முடியாது. இப்போது நடுவில் விடுபட்ட எண்களைப் பாருங்கள்: 12க்கு முன்னால் 11, பிறகு 18, 6, 8, 12. மொத்தம் 55, சராசரி 11. அந்த அளவு இடைவெளி 60க்குப் பிறகும் இருக்கும் என்று எடுத்தால் விடை 71. "ஐந்நூறு துண்டு கொடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஐந்நூறில் கண்ணை மூடி ஐந்தை எடுத்தால், ஐந்தும் 60க்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 47,000இல் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் கணிதர்கள் இதைத்தான் செய்தார்கள். கைப்பற்றிய ஜெர்மன் யுத்த தாங்கிகளின் கியர்பொக்ஸ் போன்ற பாகங்களில் வரிசை எண்கள் பொறித்திருந்தன. 1942 ஆகஸ்டில் மாதம் 1,550 தாங்கிகள் உற்பத்தியாகின்றன என்றது உளவுத்துறை. எண்களை வைத்துப் போட்ட கணக்கு 327 என்றது. போர் முடிந்து ஜெர்மன் பதிவேட்டைத் திறந்தால் 342! நாற்பது முறை படித்தும் எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது.

எண்கள் வரிசையாக இருந்தால், கையில் கிடைத்தவை தெரிந்தெடுக்கப்படாதவையாக இருந்தால்தான் இது பலிக்கும். மனிதர்களுக்கு வரிசை எண் இல்லை. அங்கே வேறு தடயம் வேண்டும்: செய்மதிப் படத்தில் தெரியும் கூடாரங்கள், கிராமசேவகர் பதிவு, பங்கீட்டுப் பட்டியல்.

2009இன் தொடக்கத்தில், இறுதிப் போருக்குள் வன்னியில் சிக்கியிருந்த மக்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று அரசு சொன்னது. எழுபதாயிரம் என்றும் சொன்னது. ஐ.நா. சொன்னது இரண்டரை இலட்சம். போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் உணவுக்கும் மருந்துக்கும் அளவு பேசினார்கள். புள்ளிவிபரவியலைப் பரீட்சைக்கான சூத்திரமாக மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.