சேபர் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பேரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

போன மாசம் ஒரு அப்பா பொண்ணைக் கூட்டிட்டு எங்க ஃபென்சிங் (வாள்வீச்சு) கிளாஸுக்கு வந்தாரு. கையில பெரிய பை, ஆன்லைன்ல ஃபென்சிங் செட்னு போட்டிருந்ததை அப்படியே ஆர்டர் பண்ணிருக்காரு. பிரிச்சுப் பார்த்தா வாள் நுனியில ஸ்பிரிங் பட்டன், லாமேங்கிற கரண்ட் கடத்துற ஜாக்கெட்டுக்குக் கையே இல்ல, எல்லாமே ஃபாயில்ங்கிற வகை வாளுக்கானது. பொண்ணு சேர்ந்திருக்கிறது சேபர்ங்கிற வேற வகையில. அவர் தையல்காரர், "கை தானே சார், நானே வச்சுத் தைச்சுடறேன்"னு சொன்னாரு. அவ்வளவு காசு போட்டு வாங்கிட்டு வந்தவர்கிட்ட இது ஆகாதுன்னு சொல்ல எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

நாம எல்லாத்தையும் வாள்னு ஒரே பேர்ல சொல்லிடறோம், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. ஃபாயில், எபே ரெண்டும் நுனியால குத்துறது. சேபர்ல குத்தவும் செய்யலாம், ஆனா அது முக்கியமா வெட்டுறதுக்கான வாள். அந்தப் பேரே அதைத்தான் சொல்லுதுன்னு மொழி ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. பிரெஞ்சுக்காரங்க சாப்ர்னு சொல்றது ஜெர்மன் ஸேபல்ல இருந்து வந்தது, அதுக்குப் பின்னாடி போலிஷ் ஷாப்லா, ஹங்கேரியன் சப்யா. ஹங்கேரியன்ல 'சப்'னா வெட்டுறது, துணி வெட்டுறவரை, அதாவது தையல்காரரை, அவங்க 'சபோ'ன்னுதான் கூப்பிடறாங்க. இதை அந்த அப்பாகிட்ட சொன்னதும் அவர் முகம் அப்படியே மலர்ந்துடுச்சு, பொண்ணைத் திரும்பிப் பார்த்தாரு.

ஹங்கேரிக்காரங்க 9ஆம் நூற்றாண்டு கடைசியில புல்வெளி நாட்டுல இருந்து குதிரையில வந்து இறங்கினவங்க. ஓடுற குதிரை மேல இருந்து நேரா குத்தினா வாள் மாட்டிக்கும், வளைஞ்ச வாள்னா வெட்டிட்டே வழுக்கி வெளிய வந்துடும், அதனாலதான் குதிரைப்படைக்கு அது தோதா இருந்துச்சு. பின்னாடி அவங்க ஹுஸார் குதிரைப்படை வழியா ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு. 1928ல இருந்து 1960 வரைக்கும் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ்லயும் ஆண்கள் டீம் சேபர் தங்கம் ஹங்கேரிக்குத்தான். நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி டோக்கியோவுல ஆடினதும் இதே சேபர்தான், முதல் ஆட்டத்தை 15-3னு ஜெயிச்சாங்க.

இப்போ விளையாடற சேபர் கிட்டத்தட்ட நேராதான் இருக்கும், வளைவு 4 சென்டிமீட்டருக்குள்ள, எடை 500 கிராமுக்குள்ள. ஆனா வெட்டுற குணம் மாறல. வாளோட எந்தப் பக்கம் பட்டாலும் பாயிண்ட், இடுப்புக்கு மேல கை, தலை எல்லாமே டார்கெட், அதனாலதான் லாமேவுக்கு முழுக்கை வேணும், மாஸ்க்குலயும் கரண்ட் போகணும், வாள் பிடியில கையை மூடுற மாதிரி வளைஞ்ச காப்பு (கார்டு) வேணும். சாதாரண துணியில கை வச்சுத் தைச்சா கையில வெட்டு விழுந்தாலும் அடி பட்டதைக் காட்டுற லைட் எரியாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, வீட்டு மொட்டை மாடியில மாஸ்க் இல்லாம பசங்க "சும்மா" வீசிப் பார்க்கிறது. தயவு செஞ்சு விடாதீங்க. முனை மழுங்கலாதான் இருக்கும், ஆனா உடைஞ்சா உடைஞ்ச இடம் ஊசி மாதிரி நிக்கும். 1982ல ரோம்ல உலகப் போட்டியில எதிராளியோட ஃபாயில் உடைஞ்சு, மாஸ்க்கைத் துளைச்சு, விளாதிமிர் ஸ்மிர்னோவ்ங்கிற ஒலிம்பிக் சாம்பியன் இறந்தாரு. பிளேடுல ஒரே இடத்துல மடிப்பு விழுந்திருந்தாலோ துரு குழியா இறங்கியிருந்தாலோ அதை அன்னிக்கே தூக்கிப் போடுங்க, தட்டி நிமித்தி ஓட்டாதீங்க.

அந்த அப்பா செட்டை ரிட்டர்ன் பண்ணிட்டு சேபர் லாமே வாங்கிட்டாரு. இப்போ ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளாஸுக்கு முன்னாடி பொண்ணோட மாஸ்க் வலையைக் கட்டை விரலால இஞ்ச் இஞ்சா அமுக்கிப் பார்த்துட்டு, எங்கயும் உள்ள போகலன்னு தெரிஞ்சப்புறம்தான் கையில குடுக்கிறாரு.