பட்டில் கறையா? முதலில் அந்த ப்ளீச் பாட்டிலைக் கீழே வையுங்கள்

இந்த வாரமும் ஒரு வெள்ளைப் பட்டுச் சட்டை வந்தது. முன்பக்கத்தில் ஓட்டை, அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. "டீக்கறைதான் சார், கொஞ்சமாகத்தான் ப்ளீச் விட்டேன்" என்றார் கொண்டுவந்தவர். கறை போயிருந்தது, உண்மைதான். கறை இருந்த இடமும் சேர்ந்து போயிருந்தது. டிரை கிளீனிங் கடை நடத்துகிற நான் இதற்கு என்ன செய்வது?

வெள்ளைத் துணி என்றால் ப்ளீச் தாங்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. துணி எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. பருத்தி செல்லுலோஸ், அதாவது தாவர நார்ப்பொருள். அளவோடு போட்டால் தாங்கிக்கொள்ளும். பட்டும் கம்பளியும் புரதம். கடையில் விற்கும் திரவ ப்ளீச்சில் பெரும்பாலும் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், அது புரதத்தைக் கரைத்துவிடும். குளியலறைக் குழாயில் முடி அடைத்துக்கொண்டால் ஊற்றுகிற திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இதேதான். முடியும் புரதம்தானே. துணி ஆய்வகங்களில் பருத்தியும் கம்பளியும் கலந்த துணியில் கம்பளி எவ்வளவு என்று அளக்க, ஹைப்போகுளோரைட்டில் போட்டுக் கம்பளியைக் கரைத்துவிட்டு மீதியை எடை போடுவார்கள். ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்வதைத்தான் நீங்கள் வீட்டு வாளியில் செய்கிறீர்கள்.

"தண்ணீர் கலந்துதானே போட்டேன்" என்பார்கள். கலந்தால் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இழை உள்ளுக்குள் நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. சில நாள் கழித்துக் கையை மடக்கும்போது முழங்கையில் கிழியும். இடையில் ஒருமுறை எங்களிடம் சலவைக்கு வந்திருந்தால், கிழித்தது நாங்கள்தான் என்று சண்டை வேறு.

ப்ளீச் போதவில்லை என்று மேலே வினிகரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அதைச் சுவாசித்தால் துணியைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. எண்ணெய்க் கறைக்குப் பெட்ரோல் தடவுகிற பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தொட்டாலும் பற்றிக்கொள்ளும். துணியைத் தேய்க்கும்போது வரும் நிலைமின் பொறியே போதும்.

அடுத்தது தேய்ப்பது. ஈரமான பட்டைக் கசக்கித் தேய்த்தால் இழை நுண்ணியதாகப் பிரிந்து, அந்த இடம் மட்டும் வெளுத்ததுபோல் ஆகிவிடும். எந்தச் சலவையாலும் அது திரும்பாது. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ரேயான் இன்னும் மோசம். நனைந்தால் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறையும். பருத்தி அப்படி இல்லை, நனைந்தால் வலு கூடும். அதனால்தான் பருத்தியை முறுக்கிப் பிழிந்து பழகிய கை ரேயானைக் கிழிக்கிறது. கம்பளி ஸ்வெட்டரைச் சூடான நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கும். அதை இழுத்து நீட்டி மாட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்?

சிந்தியவுடன் வெள்ளைத் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். ஒற்ற மட்டும்தான், தேய்க்க அல்ல. எண்ணெய் என்றால் தண்ணீர் படாமல் முகப்பவுடரைத் தூவிச் சில மணி நேரம் விடுங்கள். ரத்தம், பால், முட்டை என்றால் குளிர்ந்த நீர் மட்டும். சூடு பட்டால் கறை இழையோடு இறுகிவிடும். இதே காரணத்துக்காகக் கறை இருக்கும் துணியை இஸ்திரி போடவே கூடாது. இனிப்புப் பானம் சிந்திக் காய்ந்த இடத்தில் ஒன்றும் தெரியாது, இஸ்திரி போட்டதும் பழுப்பாகக் கிளம்பும். நகப்பூச்சை எடுக்கும் அசிட்டோனை, பட்டுபோல் பளபளக்கும் அசிடேட் என்ற செயற்கைத் துணியில் தொடவே தொடாதீர்கள், துணியே கரைந்து ஒட்டிக்கொள்ளும்.

துவைப்பதற்கு முன் உள்பக்க லேபிளைப் படியுங்கள். தொட்டிக்குள் கை படம் இருந்தால் கையால் துவைக்கலாம். முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் ப்ளீச் கூடாது. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'P' இருந்தால் அது எங்களுக்கான குறிப்பு. பிறகு ஓரத்தையலின் உள்பக்கத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் 30 டிகிரிக்கு மேல் சூடில்லாத நீரில், பட்டுக்கும் கம்பளிக்கும் என்றே விற்கும் மென்மையான திரவத்தைக் கலந்து, சில நிமிடம் அழுத்தி அழுத்தி எடுங்கள். சாதாரண சலவைத்தூள் காரம் மிகுந்தது. என்சைம் கலந்த தூள் என்றால், புரதக் கறையை அரிப்பதற்காகச் சேர்த்தது புரத இழையையும் அரிக்கும். அப்புறம் நன்றாக அலசி, முறுக்காமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கம்பளியைத் தொங்கவிடாதீர்கள், தட்டையாக விரியுங்கள்.

இதற்குமேல் கறை நின்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள். என்ன சிந்தியது, என்றைக்கு, மேலே என்னவெல்லாம் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ப்ளீச் பட்ட துணி என்று தெரிந்தால் முதலில் அந்த ப்ளீச்சின் வீரியத்தை முறித்துவிட்டுத்தான் கறைக்குப் போவோம். சொல்ல வெட்கப்பட வேண்டாம். திட்டுவேன், ஆனால் துணியை வாங்கிக்கொண்டுதான் திட்டுவேன்.