மேயர்: நகரத் தந்தையா, மாநகர முதல்வரா?

லண்டனுக்கு இரண்டு மேயர்கள். ஒருவரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறத்தாழ 90 லட்சம் பேர் வாழும் பெருநகரம் அவர் பொறுப்பில் இருக்கிறது. மற்றவர் ஒவ்வொரு நவம்பரிலும் தங்க முலாம் பூசிய குதிரை வண்டியில் ஊர்வலம் வருபவர்; லார்ட் மேயர் என்பது அவர் பட்டம், ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள பழைய ‘சிட்டி’ பகுதியே அவர் எல்லை. இரண்டையும் தமிழில் ‘லண்டன் மேயர்’ என்று எழுதிவிட்டால், வீட்டு வசதித் திட்டத்துக்குக் கையெழுத்திட்டவர் யார், விருந்து கொடுத்தவர் யார் என்று வாசகருக்குத் தெரியாது.

‘மேயர்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘மாக்னுஸ்’ என்றால் பெரியது. அதன் ஒப்பீட்டு வடிவம் ‘மாயோர்’, அதாவது இன்னும் பெரியவர், மூத்தவர். படையில் வரும் ‘மேஜர்’ இதன் உடன்பிறப்பு. இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்க் அரசர்களின் அரண்மனையை நிர்வகித்தவருக்கு ‘மாயோர் தோமுஸ்’, வீட்டின் பெரியவர், என்று பெயர். அந்தப் பதவியில் இருந்த பெப்பின் 751-ல் அரசரையே ஓரங்கட்டிவிட்டு முடிசூடிக்கொண்டார். பண்ணையாரின் நிலத்தை மேற்பார்த்தவரும் ஜெர்மானிய நாட்டில் இதே வேரிலிருந்து ‘மையர்’ ஆனார். ஆக, தொடக்கத்தில் இது நகரத்துக்கு உரிய சொல்லே அல்ல. இன்னொருவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரைக் குறித்த சொல். பிரெஞ்சு மொழியில் ‘மேர்’ என்று தேய்ந்து, நார்மன்களோடு கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனது.

லண்டனின் முதல் மேயர் ஹென்றி பிட்ஸ்-எயில்வின்; 1189-ல் பதவிக்கு வந்ததாகக் கணக்கு. சாகும்வரை அவரே மேயர். ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1215-ல் ஜான் மன்னர் நகரத்தாருக்கு எழுதிக் கொடுத்தார். உரிமை பெற்றவர்கள் வணிகர்களும் கைவினைக் குழுக்களும்தான். குடிமக்கள் எல்லோரும் அல்லர்.

அந்த வணிகர்களின் வழக்கம்தான் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1687-ல் அளித்த பட்டயத்தின்படி 1688 செப்டம்பரில் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது, நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆகவே இந்தச் சொல்லுக்குத் தமிழ் மண்ணில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் வயது. பிறகு வேறு பட்டங்கள் வந்து போய், 1933-ல் ராஜா சர் முத்தையா செட்டியாரோடு மேயர் பட்டம் திரும்பி வந்தது.

சொல் ஒன்றாக இருக்கலாம், பதவி ஒன்றல்ல. வீட்டு வசதிப் பிரச்சினையை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

லண்டனில் நகரம் முழுவதற்கும் பொறுப்பான பெருநகர மன்றத்தை 1986-ல் மார்கரெட் தாட்சர் அரசு கலைத்தது. 32 வட்டார மன்றங்களும் சிட்டியும் தனித்தனியே இயங்கின. 1998-ல் மக்களிடம் கருத்துக் கேட்டு, 1999-ல் சட்டம் இயற்றி, 2000-ல் நேரடித் தேர்தல் நடத்தினார்கள். வென்றவர், கலைக்கப்பட்ட மன்றத்துக்குத் தலைமை வகித்த அதே கென் லிவிங்ஸ்டன். தாட்சர் கட்சிக்கு அது இனித்திருக்காது.

இந்த மேயரின் கைக்கு உண்மையான பிடி உண்டு. ஒரு கட்டுமான நிறுவனம் 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்ககம் கட்ட விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் வட்டார மன்றத்துக்குத்தான் போகும். ஆனால் மன்றம் அதன் நகலை மேயருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் கருத்துச் சொன்ன பிறகு மன்றம் முடிவெடுக்கும். அந்த முடிவும் மறுபடி அவர் மேசைக்கு வரும். 14 நாட்களுக்குள் அவர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: அப்படியே விட்டுவிடலாம், மறுக்கச் சொல்லலாம், அல்லது கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு தீர்ப்பளிக்கலாம். எதை வைத்து முடிவு செய்வார்? அவரே வெளியிடும் ‘லண்டன் திட்டம்’ என்ற ஆவணத்தை வைத்து. 2021-ல் வந்த பதிப்பின்படி, 35 விழுக்காடு வீடுகளைக் கட்டுப்படியாகும் விலையில் தருவதாகச் சொன்ன தனியார் திட்டங்களுக்கு விரைவு வழி. பொது நிலத்தில் என்றால் 50 விழுக்காடு. பேரம் பேசும் இடம் இதுதான். 25 பேர் கொண்ட லண்டன் அவை அவரைக் கேள்வி கேட்கலாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தலாம். அவர் அந்த அவையின் தலைவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவைக்குத் தலைவர் வேறொருவர்.

சென்னையிலோ மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர். 200 வார்டு உறுப்பினர்களில் ஒருவர் அவர். நிர்வாகக் கையெழுத்து ஆணையருடையது. பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். அதன் தலைவர் மாநில அமைச்சர். ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டுவது, 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடும்பங்களை மாற்றியபோது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மாநகராட்சி எல்லைக்கே வெளியே. மேயரைத் திட்டிப் பயனில்லை. கேட்க வேண்டிய கதவு கோட்டையில் இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘நகரத் தந்தை’ மேடைக்கு இனிமையானது, அவ்வளவுதான். 1950-களிலேயே தாரா செரியன் மதராஸ் மேயராக இருந்தார். அவரைத் தந்தை என்பதா? லண்டனிலும் இந்தச் சங்கடம் உண்டு. 1983-ல் மேரி டொனால்ட்சன் என்ற பெண் சிட்டி பகுதியின் மேயரானபோது ‘லார்ட்’ மேயர் என்றே அழைக்கப்பட்டார். அதைவிடப் பெரிய குறை, தந்தையை யாரும் ஓட்டுப் போட்டு மாற்றுவதில்லை. அழைப்பிதழ்களில் வரும் ‘வணக்கத்துக்குரிய’ என்ற அடைமொழியும் ஆங்கில மரியாதைச் சொல்லின் நேர்பெயர்ப்பு, அதை விட்டுவிடலாம்.

வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: பெரியதனக்காரர். ‘மாயோர்’ போலவே பெரியவர் என்பதிலிருந்து பிறந்து ஊர்த் தலைமையைக் குறித்தது. ஆனால் அதில் சாதியும் பரம்பரையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாக்குப்பெட்டியிலிருந்து வரும் பதவிக்கு அது ஆகாது.

‘மாநகராட்சித் தலைவர்’ சென்னைக்குச் சரி, ஏனெனில் அங்கே அவர் மன்றத்தின் தலைவர். லண்டனுக்குச் சரியில்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘மாநகர முதல்வர்’ நல்ல சொல். யாழ்ப்பாணத்தில் அது அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் ‘முதல்வர்’ என்றாலே கோட்டையும் கல்லூரியும் நினைவுக்கு வருவதால் தயங்குகிறார்கள். ‘மாநகர’ என்ற முன்னொட்டு இருக்கும்போது அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது என் எண்ணம். நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் என்ற பொருளும் அதில் தொனிக்கிறது. லண்டனில் தேர்தலில் வென்றவரை ‘பெருநகர லண்டன் முதல்வர்’ என்றோ, வெறுமனே மேயர் என்றோ எழுதலாம். குதிரை வண்டியில் வருபவருக்கு ‘லார்ட் மேயர்’ என்ற பட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, முதல் குறிப்பில் ‘சிட்டி பகுதியின்’ என்று சேர்த்தால் போதும்.