மணி அடிக்காத வகுப்பில் மணிகள்

காலை ஒன்பது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி நீளமான பாயை வகுப்பிலிருந்து வராந்தா வரை விரிக்கிறாள். சட்டத்தில் தொங்கும் பொன்னிறச் சங்கிலியைப் பாம்பைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திவந்து பாயில் நீட்டிவிடுகிறாள். பத்துப் பத்து மணிகளாகக் கோத்த நூறு கம்பிகள். மொத்தம் ஆயிரம் மணிகள். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள். சற்றுத் தள்ளி ஒன்பது வயதுப் பையன் வண்ணக் கட்டங்கள் போட்ட பலகையில் பெருக்கல் செய்துகொண்டிருக்கிறான். ஒரு மூலையில் ஆசிரியர் தரையில் உட்கார்ந்து மூன்று பேருக்கு ஏதோ காட்டுகிறார். மீதி இருபத்தைந்து பேரை யாரும் கவனிப்பதாகவே தெரியவில்லை.

முதல் தடவை வந்து பார்க்கும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர் எப்போ பாடம் எடுப்பாங்க?"

இது மாண்டிசோரி வகுப்பு; இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி உருவாக்கிய முறை. இதில் ஆறு முதல் ஒன்பது வயது வரை ஒரே வகுப்பு. நம் கணக்கில் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் ஓர் அறையில், மூன்று ஆண்டும் பெரும்பாலும் அதே ஆசிரியரிடம். பாடவேளை கிடையாது. காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் வேலை நடக்கும். (தமிழில் நேரமும் மணி, பள்ளியில் அடிப்பதும் மணி, நூலில் கோப்பதும் மணி. இந்த வகுப்பில் நடுவில் உள்ளது மட்டும் இல்லை.) முப்பது பேரும் முப்பது வேலை செய்யும் இடம் எப்படிச் சந்தைக்கடையாகாமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

பதிலின் முதல் பாதி அந்த மணிகளில் இருக்கிறது. தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒரு சதுரம், அது நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஒரு கனசதுரம், அது ஆயிரம். புத்தகத்தில் 1-க்கும் 1000-க்கும் இடையே மூன்று சுழிதான் வித்தியாசம். இங்கே ஒன்று விரல்நுனியில் நிற்கும். ஆயிரத்தைத் தூக்கச் சின்னப் பிள்ளைக்கு இரண்டு கை வேண்டும். இடமதிப்பைக் கண்ணை முந்திக்கொண்டு கையே தெரிந்துகொள்கிறது.

1,458-ஐயும் 2,367-ஐயும் கூட்ட வேண்டுமா? இரண்டு பிள்ளைகள் தட்டேந்திக்கொண்டு "வங்கி"க்குப் போவார்கள். அங்கே இன்னொரு பிள்ளை காசாளர். ஆளுக்குரிய மணிகளை வாங்கிவந்து பாயில் ஒன்றாகக் கலப்பார்கள். தனி மணிகள் பதினைந்து சேரும். அதில் பத்தை வங்கியில் கொடுத்தால் ஒரு கம்பி கிடைக்கும், ஐந்து மிச்சம். கம்பிகள் ஐந்தும் ஆறும், வாங்கிவந்த ஒன்றும் சேர்ந்து பன்னிரண்டு. பத்தைக் கொடுத்து ஒரு சதுரம் வாங்கினால் இரண்டு மிச்சம். சதுரம் எட்டு, கனசதுரம் மூன்று. விடை 3,825. "அஞ்சை எழுது, ஒண்ணை மேலே வை" என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது, ஏன் மேலே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. இந்தப் பிள்ளைகள் அந்த ஒன்றை வங்கிக்கு நடந்துபோய் வாங்கிவந்தவர்கள்.

அடுத்த கட்டத்தில் மணிகள் போய்ச் சின்னச் சதுர வில்லைகள் வரும். எல்லாம் ஒரே அளவு. ஒன்று பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு, ஆயிரம் மறுபடி பச்சை. பருமன் போய்விட்டது, நிறமும் அதன்மேல் அச்சடித்த எண்ணும்தான் மதிப்பைச் சொல்கின்றன. அதற்கும் பிறகு வருவதுதான் அந்தப் பையன் வைத்திருக்கும் பெருக்கல் பலகை. 43-ஐ 26-ஆல் பெருக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 43 பலகையின் கீழ் விளிம்பில், 26 வலது விளிம்பில். கட்டங்களும் அதே பச்சை, நீலம், சிவப்பு. கீழ்வரிசையின் நீலக்கட்டத்தில் நான்கை ஆறு தடவை வைக்கிறான்: 24 பத்துகள். மேல்வரிசையின் நீலக்கட்டத்தில் மூன்றை இரண்டு தடவை: 6 பத்துகள். இரண்டு நீலமும் மூலைவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேலே இருப்பதைச் சாய்வாகக் கீழே தள்ளினால் 30 பத்துகள். பச்சையில் இருந்த 18-லிருந்து இன்னொரு பத்து வந்து சேர்கிறது. மாற்றி மாற்றி முடித்தால் 1,118. நாம் தாளில் இரண்டாவது வரியை ஓர் இடம் தள்ளி எழுதுகிறோமே, அந்தத் தள்ளல்தான் இந்தச் சாய்வு. சில மாதத்தில் பலகையும் தேவைப்படாமல் போகும். வாய்பாட்டைப் பிள்ளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதில் சலுகை இல்லை. ஆனால் புரிந்த பிறகு மனப்பாடம்.

இந்தப் பொருள்களுக்கு இன்னொரு குணம் உண்டு: தப்பைத் தாமே காட்டிக்கொடுக்கும். சங்கிலிக்கு எண் எழுதிய சிறு சீட்டுகள் இருக்கின்றன. 640 என்ற சீட்டு ஒரு கம்பியின் கடைசி மணியில் வந்து நிற்க வேண்டும். நடுவில் எங்காவது நின்றால் எண்ணிக்கை பிசகிவிட்டது என்று அவளுக்கே தெரியும். யாரும் சிவப்பு மையில் கோடு போடுவதில்லை, தோழிகள் சிரிப்பதில்லை. பிழை செய்த கணத்திலேயே தெரிந்தால், அடுத்த நாள் நோட்டுத் திரும்பி வரும்வரை தப்பையே பழகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விடை சரியா என்று சொல்ல ஆசிரியர் தேவைப்படாததால்தான் அவரால் மூன்று பேரோடு மட்டும் இருபது நிமிடம் உட்கார முடிகிறது.

மறுபாதி, வயதுக் கலப்பு. இதை "பெரியவர்கள் சின்னவர்களுக்கு உதவுவார்கள்" என்று நல்லொழுக்கப் பாடம்போலச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர் வகுப்பில் ஜூன் மாதம் புதிதாக வருவது பத்துப் பேர்தான். மீதி இருபது பேருக்குப் பாயை எப்படிச் சுருட்டுவது, அடுத்தவர் பாயை மிதிக்காமல் எப்படி நடப்பது, ஆசிரியர் பாடம் காட்டும்போது குறுக்கே பேசாமல் எப்படிக் காத்திருப்பது எல்லாம் அத்துப்படி. புதியவர்கள் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பின் பழக்கம் ஆசிரியரின் குரலில் இல்லாமல் பிள்ளைகளின் உடம்பில் தங்கியிருக்கிறது. முப்பது பேரும் ஒரே நாளில் புதிதாகச் சேர்ந்தால், அதே பொருள்கள் அதே அலமாரியில் இருந்தாலும் முதல் வருஷம் பெரும்பாடுதான். புதிதாகத் தொடங்கும் பள்ளிகள் சின்னப் பிள்ளைகளை மட்டும் முதலில் சேர்த்து ஆண்டுக்கு ஆண்டு வளர்ப்பது இதனால்தான்.

இரண்டாவது, எட்டிப்பார்த்தல். ஆறு வயதுக்காரிக்கு அந்தப் பெருக்கல் பலகை இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான். ஆனால் தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறாள். அவளுடைய நாளைய பாடம் பூட்டிய வேறு அறையில் இல்லை. மூன்றடி தள்ளிப் பாயில் கிடக்கிறது. சில பொருள்களில் இது இன்னும் அழகு. எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு மரக் கனசதுரம் இருக்கிறது. நான்கு வயதில் அது வெறும் அடுக்கு விளையாட்டு, நிறத்தோடு நிறம் சேர்ப்பது. வளர்ந்த பிள்ளைக்கு அதே எட்டுத் துண்டுகள் (a+b)³: ஒரு சிவப்புக் கனசதுரம் a³, ஒரு நீலக் கனசதுரம் b³, நடுவில் மும்மூன்றாக a²b, ab². சூத்திரம் கரும்பலகையில் வரும்போது கைக்கு அது பழைய சிநேகிதம்.

மூன்றாவதுதான் சொல்லிக்கொடுத்தல். ஏழு வயதுக்காரனுக்குப் பாதி புரிந்ததை ஆறு வயதுக்காரிக்கு விளக்கப்போனால், எந்தப் பாதி புரியவில்லை என்று அவனுக்கே உறைக்கும். இது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைதான் சின்னப் பையன்களை மணலில் எழுதவைப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லப் பள்ளியைக் கவனிக்க வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பெரிய மாணவர்களே சின்னவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை எழுத்தில் வடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர். ஆனால் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஒப்பிக்கவைக்கும் படையணி. சட்டாம்பிள்ளைக்குப் பதவி உண்டு, சில திண்ணைகளில் பிரம்பும் உண்டு. மாண்டிசோரி வகுப்பில் யாருக்கும் பதவி இல்லை. கணக்கில் சொல்லிக்கொடுப்பவன் இலக்கணத்தில் கேட்டுக்கொள்பவனாக இருப்பான்.

இலக்கணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த முறையில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம் என்று அடையாளங்கள் உண்டு. பிள்ளைகள் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் ஒன்றை வைப்பார்கள். ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்தது. முன்னிடைச் சொல்லுக்கு (ஆங்கிலத்தில் in, on போன்றவை) ஒரு பச்சைப் பிறை இருக்கிறது. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டே செய்துவிடுகிறது. "மரத்தில்" என்ற சொல்லுக்குப் பிறையை எங்கே வைப்பது? யாராவது உட்கார்ந்து தமிழுக்கென்று யோசிக்க வேண்டிய விஷயம்.

மூன்று மணி நேரம் எதற்கு? மரியா மாண்டிசோரி வகுப்புகளில் பிள்ளைகளின் வேலையை நேரத்தோடு குறித்துப் பார்த்தவர். வந்ததும் ஏதாவது எளிதான வேலை, பிறகு நடுத்தரமான ஒன்று. பத்து மணிவாக்கில் அறையில் ஒரு சலசலப்பு வரும். பிள்ளைகள் எழுந்து அலைவார்கள், பேச்சுச் சத்தம் கூடும். அனுபவமில்லாத ஆசிரியர், சோர்ந்துவிட்டார்கள் என்று எண்ணி இந்த இடத்தில் இடைவேளை விட்டுவிடுவார். மாண்டிசோரி இதைப் போலிக் களைப்பு என்றார். கொஞ்சம் பொறுத்தால் சலசலப்பு தானாக அடங்கும். அதற்குப் பிறகுதான் அன்றைய கடினமான, நீண்ட வேலையைப் பிள்ளை எடுக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும் பள்ளியில் இந்த இரண்டாவது அலை கரைக்கு வருவதே இல்லை.

அதற்காக வகுப்பு இஷ்டம்போல நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டு: என்ன வேலை, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது. வாரத்துக்கொருமுறை போல ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு தனியாகப் பேசுவார். "வகுத்தலைத் தொட்டு மூணு வாரமாச்சே?" என்று அதில்தான் பிடிபடும். ஆசிரியரிடமும் ஒரு பதிவேடு இருக்கும்: யாருக்கு எதைக் காட்டியாயிற்று, யார் தானே செய்கிறார், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும். இந்தப் பதிவேடு நின்றுபோனால் வகுப்பும் நின்றுபோகும்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இந்த ஏற்பாட்டின் கணிசமான பகுதி கொடைக்கானலில் உருப்பெற்றது. 1939 நவம்பரில், 69 வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி மகன் மரியோவுடன் சென்னை வந்தார். 1940 ஜூனில் இத்தாலி இரண்டாம் உலகப்போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரிநாட்டவர் ஆனார்கள். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று தாயின் எழுபதாவது பிறந்தநாள் பரிசாக விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே நடத்திய சின்னப் பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் கலந்திருந்தார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன உடன் பணியாற்றினார். செடி, பூச்சி, மீன் என்று மலையில் கிடைத்ததெல்லாம் பாடமானது. ஆறு வயதில் பிள்ளை "இது என்ன?" என்பதை விட்டு "ஏன்?" என்று கேட்கத் தொடங்குகிறது, தொடமுடியாததைக் கற்பனை செய்ய முடிகிறது. அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய கதைகளைச் சொல்கிறார்கள்: பிரபஞ்சம் பிறந்தது, உயிர் வந்தது, மனிதர் வந்தது, எழுத்து பிறந்தது, எண் பிறந்தது. கதை முடிந்ததும் பரீட்சை இல்லை. ஒருத்தி எரிமலையைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருவன் எகிப்திய எழுத்தை.

இதெல்லாம் வேலை செய்கிறதா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. குலுக்கல் என்பது முக்கியம். இல்லையேல் அக்கறையுள்ள பெற்றோரின் பலனைப் பள்ளியின் பலனாக எண்ணிவிடுவோம். ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் இடம் கிடைத்தவர்கள் முன்னே இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் அந்த இடைவெளி தெரியவில்லை; ஆனால் அவர்கள் எழுதிய கதைகளில் கற்பனையும் வாக்கிய அமைப்பும் செறிவாக இருந்தன. 2017-இல் ஹார்ட்ஃபோர்டில் 141 பிள்ளைகளை மூன்று முதல் ஆறு வயது வரை தொடர்ந்த ஆய்வும் இதே குலுக்கல் முறையில் சாதகமாகவே வந்தது. இரண்டிலும் வலுவான சான்று ஆறு வயதுக்குள்தான். ஆறு முதல் ஒன்பது வரைக்கும் அதே உறுதியோடு பேசுபவரிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன். பெயர்ப்பலகையிடமும் அப்படியே. மாண்டிசோரி என்பது யாருக்கும் சொந்தமான வணிகப்பெயர் இல்லை, தெருமுனை எல்.கே.ஜி.யும் எழுதிக்கொள்ளலாம்.

நம் கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் வயதுக் கலப்பு என்றைக்கும் உண்டு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது ஐந்தாம் வகுப்பு கைகட்டிக் காத்திருக்கும். கலப்பு மட்டும் போதாது. ஆசிரியர் பார்க்காத நேரத்திலும் கற்றுக்கொடுக்கிற பொருள் வேண்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அதைத்தான் முயன்றது. ஏணிப்படி அட்டவணையில் தன் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, குழுவில் போய் உட்கார்ந்த பிள்ளைகளை இன்று முப்பதை நெருங்குபவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்; அவர்களேதான் அந்தப் பிள்ளைகள்.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சங்கிலி 640-இல் நிற்கிறது. ஆறு முழு நூறுக்கும் பக்கத்தில் ஆறு சதுரங்கள் வைத்தாயிற்று. கனசதுரம் கடைசி மணிக்கு அருகில் காத்திருக்கிறது. அவள் தன் பெயர் எழுதிய அட்டையைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறாள். வராந்தாவில் வருகிறவர்களெல்லாம் பாயைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.