அட்டையில் பெயர் இல்லாத நோயாளி

கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில், மருந்து இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் மிகக் குறைவு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் வந்த பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த பின்னர்தான் பலர் வழியில் நின்றுவிடுகிறார்கள். சிகிச்சையை உரிமையாக்கும் சட்டம் ஒன்று வேண்டும் என்று நான் சொல்வது அவர்களை நினைத்துத்தான்.

கடலூரில் பிறந்து பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதய வால்வில் பழுது இருந்தது. அவர் பெயர் தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது; கணவர் வீட்டுப் புதுச்சேரி அட்டையிலோ இன்னும் ஏறவில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, இங்கத்திய குடும்ப அட்டையும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். முள்ளோடை எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அவர் யாருடைய கணக்கிலும் இல்லை. கிள்ளைப் பக்கத்தில் புறம்போக்கில் குடியிருக்கும் இருளர் குடும்பங்களுக்கோ, முகவரிச் சான்று என்ற முதல் படியே வழுக்குகிறது.

திட்டம் என்பது அரசாணையால் வருவது. அதன் நிபந்தனைக்குள் வராதவர் கேள்வி கேட்க இடமில்லை. சட்டம் அப்படியல்ல. பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அப்படியொரு சட்டத்தை இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு. நாட்டிலேயே முன்னோடியான 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் நம்முடையதுதான். குடிநீர், வடிகால், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம் என விரியும் அச்சட்டம், அதிகாரிக்கு நோட்டீஸ் தரவும் அபராதம் விதிக்கவும் வழி செய்கிறதே ஒழிய, நோயாளிக்குச் சிகிச்சை கேட்கும் உரிமையை வெளிப்படையாகத் தரவில்லை.

அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஓடும் ரயிலிலிருந்து விழுந்து, அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இடமில்லை என்று அலைக்கழிக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு அது. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பதையும், நோயாளியால் கட்ட முடியாத தொகையை அரசு ஈடுசெய்யும் என்பதையும் 2023-இல் ராஜஸ்தான் சட்டமாகவே இயற்றியது. அங்கே தனியார் மருத்துவர்கள் போராடியதை வெறும் பேராசை என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஈட்டுத்தொகை எப்போது, யாரிடமிருந்து வரும் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இத்தகைய சட்டம் வருமானால், முதலில் மருத்துவமனையில் சேர்க்கை, பிறகு ஆவணம் என்ற விதி அதில் இருக்க வேண்டும். எல்லை தாண்டி வரும் நோயாளியின் செலவை இரு அரசுகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள், கை வெந்திருந்தாலும் ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி வருவதில்லை என்பதால், வேலை நேரம் முடிந்த பின் புறநோயாளிப் பிரிவு இயங்குவதும் அவர்களுக்கு உரிமையாக வேண்டும். யாருக்குச் சேவை எட்டவில்லை என்பதை வட்டம், சாதி, தொழில் வாரியாக ஆண்டுதோறும் பேரவையில் வைக்கும் கடமையையும் நான் அதில் சேர்ப்பேன்.

அந்தப் பாகூர்ப் பெண்ணின் பெயர் அட்டையில் ஏறப் பல மாதங்கள் ஆயின. அறுவைச் சிகிச்சை அதற்கு முன்பே, தாலியை அடகு வைத்த பணத்தில் நடந்து முடிந்திருந்தது.