கொம்பு எங்கே போனது?

போன பருவத்தில் என் வடிவமைப்பு வகுப்பு மாணவி ஒருத்தி ரத்ததான முகாமுக்குச் சுவரொட்டி செய்து வந்தாள். படம் அபாரம்: தூரிகையின் ஒரே இழுப்பில் நீட்டிய கை, சுற்றிலும் வெற்றிடம். அடியில் 'உயிர் கொடுப்போம்'. அதில் 'கொ'வின் கொம்பும் காலும் ககரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் சொல்லும்வரை வகுப்பில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

கோபம்தான் வந்தது. அன்று மாலை பாடத்திட்டத்தைப் புரட்டியதும் இறங்கிவிட்டது. டைப்போகிராஃபிக்கு, அதாவது எழுத்துகளை அழகாக அமைக்கும் கலைக்கு, நாங்கள் ஒதுக்கிய நேரம் முழுவதும் ஆங்கிலம் எழுதும் லத்தீன் எழுத்துக்கே போயிருந்தது. பிறகு பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம் எளிது. கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் ககரம் முதலில் பதிவாகும், உயிர்க்குறி பிறகு. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. நாங்கள் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்காவிட்டால் அந்த வேலை நடக்காமல் போகலாம். இதற்குப் பயந்தே பலர் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடுவதில்லை. திரையில் சரியாகத்தான் தெரியும்; எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் குப்பை.

அமைப்பைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். கண்ணைப் பழக்கத்தான் நாளாகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. மேலே இகர விலங்கு, கீழே உகர வால், இரண்டுக்கும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரி 'கு'வின் வால் கீழ்வரி 'கி'யின் தலையில் இடிக்கும். செயற்கையாகத் தடிமன் ஏற்றினால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சொற்களும் நீளம், 'அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்பதைக் குறுகிய பத்தியில் அடக்கிப் பாருங்கள்.

இப்போது முதல் இரண்டு வாரம் கணினியைத் தொட விடுவதில்லை. பட்டை நிப்பால் 'ழ', 'ண', 'கொ' மூன்றையும் எழுத வைக்கிறேன். ஓவியர் ஆதிமூலம் கையால் வரைந்த பத்திரிகைத் தலைப்புகளைக் காட்டி, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கேட்கிறேன். பிறகு தெருவுக்கு அனுப்புகிறேன். பழைய பெயர்ப்பலகை ஒன்றில் 'லை' இணைக்கொம்புக்குப் பதில் துதிக்கை போன்ற வளைவோடு இருந்ததைப் படமெடுத்து வந்து, "சார், பெயின்டர் தப்பா எழுதிட்டார்" என்றான் ஒருவன். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை அதுதான் சரியான வடிவம் என்றதும் அந்தத் தெருவுக்கே மறுபடி ஓடினான்.

ரத்ததானச் சுவரொட்டி அடுத்த வாரம் திரும்ப வந்தது. கொம்பு தன் இடத்தில் இருந்தது. ஆனால் அழகுக்காக எழுத்துகளை இழுத்து விரித்ததில் 'கொ' மூன்று துண்டாகியிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கால் தனியா நிக்குதுடி."

அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு போனாள்.